வாத்தியார் சட்டமன்றம் போகலாமா? காட்பாடிக்கும் சித்தூருக்கும் பதில் வேறு

காட்பாடியிலிருந்து சித்தூர் போகும் பஸ்ஸில் ஏறினால், கிறிஸ்டியான்பேட்டையைத் தாண்டியதும் மாநிலம் மாறிவிடுகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்கு ஓர் ஓட்டு கூடுதலாக உண்டு. சில மாநிலங்களில் மட்டும் இருக்கும் மேல் அவையான சட்டமேலவைக்கு உறுப்பினரை அனுப்ப, ஆசிரியர்கள் மட்டுமே போடும் ஓட்டு அது. இந்தப் பக்கம் அதே பாடத்தை நடத்தும் ஆசிரியருக்கு அது கிடையாது. 1911 வரை இரண்டு ஊரும் ஒரே வட ஆர்க்காடு மாவட்டம். சித்தூர்தான் அதன் தலைநகரமும்கூட. இன்றும் இரண்டு பக்கமும் உறவு, கல்யாணம், கொடுக்கல் வாங்கல் எல்லாம் உண்டு. அதனால் அங்கே நடக்கும் தேர்தல் பேச்சு இங்கே வந்து, "ஆசிரியருக்குன்னு தனி சீட்டு இருக்குதாம், நம்ம வாத்தியாரை நிக்க வைக்கலாமே" என்று திரிந்துபோகிறது.

இதோடு வேறு பேச்சுகளும் கலந்துவிடுகின்றன. "சம்பளம் இல்லாத லீவு போட்டுட்டு எலெக்‌ஷன்ல நிக்கலாம்", "எம்.எல்.ஏ. ஆயிட்டா ஸ்கூலெல்லாம் அவர் கையில", "வாத்தியார் தொகுதியில வாத்தியார்தான் நிக்கணும்". மூன்றும் தவறு. ஏன் தவறு என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

மூன்று நாற்காலிகள்

ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தலைமை ஆசிரியர் இருப்பார். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் இருப்பார். ஆசிரியர் சங்கத்தின் வட்டாரச் செயலாளரும் அதே பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். வெளியே இருந்து பார்ப்பவருக்கு மூவரும் "பொறுப்பில் இருப்பவர்கள்". ஆனால் தலைமை ஆசிரியரை அரசு நியமித்தது, கழகத் தலைவரைப் பெற்றோர் தேர்ந்தெடுத்தார்கள், செயலாளரைச் சங்க உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவர் நாற்காலியில் இன்னொருவர் உட்கார முடியாது.

ஆசிரியரின் பொதுவாழ்க்கையும் இப்படித்தான் பிரிகிறது. மக்களிடம் ஓட்டுக் கேட்டுச் சட்டமன்றம் போவது ஒரு வழி. துறைக்குள்ளேயே வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர் என்று ஏறுவது இன்னொரு வழி. சங்கத்தில் இருந்து கோரிக்கை வைப்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் விதி வேறு, அதிகாரம் வேறு, இழக்க வேண்டியதும் வேறு.

அரசு ஆசிரியர் ஏன் அப்படியே நிற்க முடியாது

பொதுத்தேர்வு எழுதும் பையனையே அந்த அறைக்குக் கண்காணிப்பாளராகப் போட முடியுமா? அவன் எவ்வளவு நேர்மையானவனாக இருந்தாலும் முடியாது. காரணம் அவன் குணம் இல்லை, அந்த இரண்டு வேலையும் ஒன்றையொன்று கண்காணிக்க வேண்டியவை என்பதுதான்.

சட்டப்பேரவையின் முதல் வேலை அரசைக் கேள்வி கேட்பது. தன் சம்பளத்தையும் இடமாறுதலையும் அரசு கையில் வைத்திருக்கும் ஒருவர் அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பார்? அதனால்தான் அரசியலமைப்பின் 191-ஆவது பிரிவு, அரசின் கீழ் "ஆதாயம் தரும் பதவி" வகிப்பவர் சட்டமன்ற உறுப்பினராகத் தகுதி இல்லை என்கிறது. அரசின் கட்டுப்பாட்டில், சம்பளமோ அதற்கு ஈடான பலனோ தரும் பதவி என்பதே அந்தச் சொல்லின் பொருள். அரசுப் பள்ளி ஆசிரியர் சந்தேகத்துக்கு இடமின்றி இதற்குள் வருகிறார்.

எல்லா ஆசிரியரும் வருகிறார்களா? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நீதிமன்றங்கள் இதற்குச் சில கேள்விகளை வைத்திருக்கின்றன. உங்களை நியமித்தது யார்? வேலையை விட்டு நீக்கும் அதிகாரம் யாரிடம்? சம்பளம் யார் தருகிறார்கள்? நீங்கள் செய்யும் வேலை அரசின் வேலையா, அதைக் கட்டுப்படுத்துவது அரசா? ஒரே ஒரு கேள்விக்கு "அரசு" என்று பதில் வந்தால் போதாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஆந்திராவில் பழங்குடியினர் மேம்பாட்டு முகமை நடத்திய பள்ளியின் ஆசிரியர் ஒருவர் தேர்தலில் நின்ற வழக்கில், அது அரசின் கீழ் உள்ள பதவி ஆகாது என்று 1992-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த முகமைக்குப் பணம் வந்தது அரசிடமிருந்துதான்.

வேலூர் நகரத்தையே உதாரணமாக வைத்துப் பாருங்கள். முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியில் கற்பிப்பவர் அரசு ஊழியர். ஊரிசு கல்லூரி அரசு உதவிபெறும் கல்லூரி. அங்கே கற்பிப்பவரை நியமிப்பது நிர்வாகம். ஒரே ஊர், ஒரே பாடம், ஒரே மாதிரி சம்பளப் பட்டியலாகக்கூட இருக்கலாம். ஆனால் 191-ஆவது பிரிவின் முன்னால் இரண்டு பேரும் ஒன்றல்ல. உதவிபெறும் நிறுவனத்தில் இருப்பவர் உடனே "எனக்குத் தடை இல்லை" என்று கிளம்பிவிடவும் கூடாது. அரசியலமைப்பு தடுக்காவிட்டாலும், நிர்வாகத்தின் பணி விதி தடுக்கலாம். அந்த விதியைப் படித்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இதுவரை பார்த்தது: தடை "ஆசிரியர்" என்ற தொழிலுக்கு இல்லை. யார் நியமித்தார், யார் நீக்க முடியும் என்பதில்தான் தடை இருக்கிறது.

ராஜினாமா: கடிதம் போதாது, ஆணை வேண்டும்

அரசு ஆசிரியர் தேர்தலில் நிற்க வேண்டும் என்றால் வேலையை விட்டே ஆக வேண்டும். லீவு போடுவது உதவாது. சம்பளம் வராத விடுப்பில் இருந்தாலும் பதவி அவரிடம்தான் இருக்கிறது. சட்டம் பார்ப்பது பதவியை.

தகுதியைப் பார்க்கும் நாள், வேட்புமனு பரிசீலனை நாள். அன்றைக்கு அவர் வேலையில் இல்லாதவராக இருக்க வேண்டும். இங்கே கணக்கைக் கவனியுங்கள். தேர்தல் அறிவிக்கை வெளியான 7-ஆவது நாள் மனுத் தாக்கலுக்குக் கடைசி நாள். அதற்கு மறுநாள் பரிசீலனை. ஆக மொத்தம் எட்டு நாள். "அறிவிக்கை வரட்டும், அப்புறம் கடிதம் கொடுப்போம்" என்று காத்திருப்பவருக்கு இந்த எட்டு நாளில் எதுவும் நடக்காது. ராஜினாமாக் கடிதம் தலைமை ஆசிரியர் வழியாக மாவட்டக் கல்வி அலுவலகம் போய், முதன்மைக் கல்வி அலுவலகம் போய், நியமன அதிகாரியிடம் சேர வேண்டும். நிலுவை இல்லை என்ற சான்று வேண்டும். வீட்டுக் கடன், முன்பணம், சேமநல நிதியில் வாங்கிய கடன் எல்லாம் கணக்குப் பார்க்கப்படும். ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது நிலுவையில் இருந்தால் ராஜினாமாவை ஏற்காமல் நிறுத்தி வைக்கலாம். ஏற்றுக்கொண்ட ஆணை கையில் வந்த பிறகுதான் அவர் வேட்பாளர் ஆகத் தகுதி பெறுகிறார். அனுப்பிய கடிதத்தின் நகலைப் பரிசீலனை மேசையில் நீட்டிப் பயனில்லை.

பரிசீலனையில் யாரும் கவனிக்காமல் போய், அவர் ஜெயித்தும்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஆபத்து தீரவில்லை. முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாளுக்குள் யாராவது உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். தகுதி இல்லை என்று நிரூபணமானால் பதவி போகும். வேலை ஏற்கனவே போயிருக்கும்.

பண விஷயத்தையும் வெளிப்படையாகப் பேச வேண்டும்; வீட்டில் இருப்பவர்களுக்கு அதுதான் முதல் கேள்வி. ராஜினாமா செய்தால் பழைய பணிக்காலம் ஓய்வூதியத்துக்குக் கணக்கில் வராமல் போய்விடும். அதனால், பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவரும் தேவையான தகுதிப் பணிக்காலம் முடித்தவருமான ஆசிரியர், ராஜினாமாவுக்குப் பதிலாக விருப்ப ஓய்வு கேட்பது பாதுகாப்பு. அதற்கு மூன்று மாத முன்னறிவிப்பு வேண்டும். 1.4.2003-க்குப் பின் வேலைக்கு வந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டவர்கள். அவர்கள் கணக்கு வேறு, தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த வழியில் போனாலும், தேர்தலில் தோற்றால் பழைய நாற்காலிக்குத் திரும்பி வர உரிமை கிடையாது. உற்சாகத்தில் கிளம்பச் சொல்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

தேர்தல் பணியும் அரசியலும்

"வாத்தியார்தானே பூத்தில் உட்கார்ந்து எலெக்‌ஷன் நடத்துகிறார், அவருக்கு அரசியல் கூடாது என்றால் எப்படி?" என்று சிலர் கேட்பார்கள். நடத்துகிறார் என்பதால்தான் கூடாது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியரைப் பள்ளிக்கு வெளியே மூன்று வேலைக்கு மட்டும் அனுப்பலாம் என்கிறது: பத்தாண்டுக்கு ஒரு முறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல். வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்காரும் அன்று அவர் நடுவர்.

தமிழக அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-இன்படி அவர் ஓட்டுப் போடலாம். கட்சிக்காக ஓட்டுக் கேட்கக் கூடாது. அரசு ஊழியர் ஒருவர் வேட்பாளருக்குத் தேர்தல் முகவராகவோ, வாக்குச்சாவடி முகவராகவோ, எண்ணிக்கை முகவராகவோ இருந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி மூன்று மாதம் வரை சிறை அல்லது அபராதம் விதிக்கலாம். சொந்தத் தம்பி நின்றாலும் இதே விதிதான்.

ஆசிரியர் தொகுதி என்றால் என்ன

இப்போது சித்தூர் ஓட்டுக்கு வருவோம். சில மாநிலங்களில் சட்டமன்றத்துக்கு இரண்டு அவை உண்டு. கீழவை நமக்குத் தெரிந்த சட்டப்பேரவை. மேலவைதான் சட்டமேலவை, அதன் உறுப்பினர் எம்.எல்.சி. அரசியலமைப்பின் 171-ஆவது பிரிவு அதன் இடங்களை இப்படிப் பங்கு போடுகிறது: மூன்றில் ஒரு பங்கை உள்ளாட்சி உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள், மூன்றில் ஒரு பங்கை எம்.எல்.ஏ.க்கள், பன்னிரண்டில் ஒரு பங்கைப் பட்டதாரிகள், இன்னொரு பன்னிரண்டில் ஒரு பங்கை ஆசிரியர்கள், மீதி ஆறில் ஒரு பங்கு ஆளுநர் நியமனம். அந்த ஆசிரியர் பங்குக்காக மாவட்டங்களைச் சேர்த்து வரையும் பரப்புதான் ஆசிரியர் தொகுதி. உறுப்பினருக்கு வயது 30 நிறைந்திருக்க வேண்டும். பதவிக்காலம் ஆறு ஆண்டு.

நம்மிடமும் இது இருந்தது. பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் கற்பித்த க. அன்பழகன் 1962-இல் ஆசிரியர் தொகுதி வழியாகத்தான் மேலவைக்குப் போனார்; பின்னாளில் மாநிலத்தின் கல்வி அமைச்சரும் ஆனார். 1986-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பேரவை தீர்மானம் போட்டு, அவ்வாண்டு நவம்பர் 1 முதல் மேலவை கலைந்தது. மறுபடி கொண்டுவர 2010-இல் நாடாளுமன்றம் 78 இடத்துக்குச் சட்டமே இயற்றியது. அதில் ஆசிரியருக்கு ஆறு ஏழு இடம் வந்திருக்கும். ஆனால் தேர்தல் நடக்கவில்லை. 2011-இல் ஆட்சி மாறியதும் புதிய பேரவை வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டது. ஆந்திராவும் 1985-இல் கலைத்த மாநிலம்தான். 2007-இல் திரும்பக் கொண்டுவந்தது. இன்று ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா, மகாராஷ்டிரா, உத்தரப் பிரதேசம், பீகார் ஆகிய ஆறு மாநிலங்களில் மேலவை இருக்கிறது. காட்பாடி ஆசிரியருக்கு அந்த ஓட்டு ஏன் இல்லை என்பதற்குக் காரணம் இவ்வளவுதான்.

யார் அந்த வாக்காளர்? மேல்நிலை, உயர்நிலை, கல்லூரி ஆகியவற்றில் கற்பிப்பவர்கள். தகுதி நாளான நவம்பர் 1-க்கு முந்தைய ஆறு ஆண்டில் மொத்தம் மூன்று ஆண்டாவது கற்பித்திருக்க வேண்டும்; அந்தத் தொகுதியில் வசிக்கவும் வேண்டும். அதனால் சமீபத்தில் ஓய்வு பெற்றவருக்கும் ஓட்டு வரலாம். படிவம் 19-ஐ நிரப்பி, தலைமை ஆசிரியர் அல்லது கல்லூரி முதல்வரின் சான்றோடு கொடுக்க வேண்டும். வழக்கமான வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பது இதற்குப் போதாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் பட்டியல் புதிதாகத் தயாராகிறது. போன முறை ஓட்டுப் போட்டோமே என்று சும்மா இருந்தவர்கள் வாக்குச்சாவடியில் பெயர் இல்லாமல் திரும்புவது இதனால்தான்.

தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு இந்த ஓட்டு இல்லை. உயர்நிலைக்குக் குறையாத பள்ளி என்று அரசியலமைப்பே எழுதிவிட்டது. ஒன்றாம் வகுப்பில் 'அ' எழுதச் சொல்லித்தருபவரை ஆசிரியர் தொகுதிக்கு வெளியே நிறுத்துவது பெரிய குறை. மேலவை வேண்டும் என்று கேட்பவர்கள் முதலில் இதைத் திருத்தக் கேட்க வேண்டும்.

இனி, எல்லாரும் தலைகீழாகப் புரிந்துகொண்ட இடம். ஆசிரியர் தொகுதியில் வாக்காளர்தான் ஆசிரியராக இருக்க வேண்டும். வேட்பாளர் ஆசிரியராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மாநிலத்தில் ஏதாவது ஒரு சட்டமன்றத் தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும். இதைத் தீர்த்துவைத்த வழக்கு தமிழ்நாட்டு வழக்கே. சென்னை மாவட்டப் பட்டதாரித் தொகுதியில் ஜெயித்த ஜி. நாராயணசாமி பட்டதாரி இல்லை என்று சொல்லி உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. வேட்பாளருக்கு அப்படி ஒரு தகுதியை அரசியலமைப்பு கேட்கவில்லை என்று 1972-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது.

சுருக்கமாக: ஆசிரியர் தொகுதி ஆசிரியருக்கான ஒதுக்கீட்டுத் தொகுதி இல்லை. கே.வி.குப்பமும் குடியாத்தமும் தனித்தொகுதி என்கிறோமே, அங்கே வேட்பாளருக்குத்தான் கட்டுப்பாடு, ஓட்டு எல்லாருக்கும். இங்கே நேர் எதிர்.

முள்ளுக் கத்தரிக்காய்க் கணக்கு

ஓட்டுப் போடும் முறையும் வேறு. பையனைச் சந்தைக்கு அனுப்பும்போது வீட்டில் சொல்வோம்: "இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கா வாங்கி வா. இல்லாட்டி வெண்டைக்கா. அதுவும் இல்லாட்டி முருங்கைக்கா." முதல் விருப்பம் கிடைக்காவிட்டாலும் பையன் வெறும் பையோடு திரும்புவதில்லை. ஒற்றை மாற்று வாக்கு முறை என்பது இதுதான்: ஒரே ஓட்டு, ஆனால் வரிசை போட்ட விருப்பம்.

ஓர் இடம், செல்லுபடியான ஓட்டு 1,000 என்று வைப்போம். ஜெயிக்கத் தேவையான அளவு, பாதியோடு ஒன்று: 501. முதல் விருப்பத்தில் 'க' 380, 'ச' 310, 'த' 190, 'ப' 120. யாரும் 501-ஐ எட்டவில்லை. கடைசியில் இருக்கும் 'ப' வெளியேறுகிறார். அவருடைய 120 சீட்டையும் பிரித்து இரண்டாம் விருப்பத்தைப் பார்க்கிறார்கள்: 'க'வுக்கு 40, 'ச'வுக்கு 60, 'த'வுக்கு 10, மீதி 10 சீட்டில் இரண்டாம் விருப்பமே இல்லை, அவை ஒதுங்குகின்றன. இப்போது 'க' 420, 'ச' 370, 'த' 200. அடுத்து 'த' வெளியேற, அவருடைய 200-இல் 'ச'வுக்கு 135, 'க'வுக்கு 50, ஒதுங்கியது 15. முடிவு: 'க' 470, 'ச' 505. முதல் சுற்றில் 70 ஓட்டு பின்தங்கிய 'ச' ஜெயித்துவிட்டார். தில்லுமுல்லு ஏதும் இல்லை. மற்றவர்களுடைய ஆதரவாளர்களுக்கு 'க'வைவிட 'ச' ஏற்புடையவராக இருந்திருக்கிறார்.

படித்தவர்கள் போடும் ஓட்டில்தான் செல்லாத ஓட்டும் விழுகிறது. டிக் போட்டால் செல்லாது. இரண்டு பேருக்கு 1 போட்டால் செல்லாது. 1 போடாமல் 2 மட்டும் போட்டால் செல்லாது. "ஒன்று" என்று எழுத்தில் எழுதினாலும் செல்லாது; எண்ணாகத்தான் இருக்க வேண்டும். அந்த எண் 1, 2 ஆகவும் இருக்கலாம், ரோமன் எண்ணாகவும் இருக்கலாம், இந்திய மொழிகளின் எண்ணாகவும் இருக்கலாம். ௧, ௨ என்று போட்டாலும் செல்லும். வாக்குச்சாவடியில் கொடுக்கும் பேனாவால்தான் எழுத வேண்டும். கையெழுத்துப் போட்டால் சீட்டு வீண்.

ஜெயித்த பிறகு பள்ளி யார் கையில்

வேலூர் மாவட்டத்தில் காட்பாடி, வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் என ஐந்து சட்டமன்றத் தொகுதிகள். ஓர் ஆசிரியர் இதில் ஒன்றில் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனார் என்று வைப்போம். அவரால் பள்ளிக்கு ஆசிரியரை நியமிக்க முடியாது. அது ஆசிரியர் தேர்வு வாரியத்தின் வேலை. இடமாறுதல் கலந்தாய்வு துறையின் வேலை. மாவட்டத்தில் பள்ளி நிர்வாகம் முதன்மைக் கல்வி அலுவலரிடம். அவருக்குக் கீழே மாவட்டக் கல்வி அலுவலர், வட்டாரக் கல்வி அலுவலர். அவர்களுக்கு ஆணை வருவது இயக்குநரகத்திலிருந்தும் செயலகத்திலிருந்தும்.

எம்.எல்.ஏ.வின் கையில் இருப்பது வேறு: பேரவையில் கேள்வி, மானியக் கோரிக்கை விவாதம், சட்டத் திருத்தம், தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து கட்டடம். இவை சின்ன விஷயம் இல்லை. வகுப்பறையில் இருபது வருஷம் நின்றவர் கேட்கும் கேள்வி, கோப்பை மட்டும் படித்தவர் கேட்பது போல இருக்காது. ஆனால் "நம்ம ஸ்கூலுக்குக் கணக்கு டீச்சரைப் போடுங்க" என்று அவர் வீட்டு வாசலில் நிற்பவர்கள் தப்பான வாசலில் நிற்கிறார்கள்.

அமைச்சரே ஆனாலும் கை முழுக்க நீளாது. 1976-இன் 42-ஆவது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. பொதுப் பட்டியல் என்றால் ஒன்றியமும் மாநிலமும் இரண்டும் சட்டம் போடலாம். மோதினால் பெரும்பாலும் ஒன்றியச் சட்டம் நிற்கும்.

ஓட்டுக் கேட்காத வழி

வட ஆர்க்காடு இதற்கு நல்ல உதாரணங்களைத் தந்திருக்கிறது. வாலாஜாவை அடுத்த வேலம் கிராமத்தில் வளர்ந்த மு. வரதராசன், திருப்பத்தூர் நகராட்சிப் பள்ளியில் தமிழாசிரியராகத் தொடங்கி, 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனார். அன்றைய வட ஆர்க்காட்டில் இருந்த திருத்தணியில் பிறந்து, வேலூரில் ஊரிசுக் கல்லூரியில் படித்த ராதாகிருஷ்ணன், 1948-இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். இந்த இரண்டு பொறுப்புக்கும் தேர்தல் கிடையாது. கல்வியின் போக்கை இப்படியும் தீர்மானிக்கலாம்.

இவ்வளவு உயரம் போகாமலே ஆசிரியருக்கு ஒரு நாற்காலி அவர் பள்ளியிலேயே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொல்லும் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். மீதிக் கால் பங்கில் உள்ளாட்சி உறுப்பினரும் ஆசிரியரும் வருவார்கள். இதில் உட்கார வேலையை விட வேண்டியதில்லை, கட்சியும் வேண்டியதில்லை. குழுவின் முக்கிய வேலை பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதுவது. எத்தனை வகுப்பறை, எத்தனை கழிப்பறை, எத்தனை ஆசிரியர் குறைகிறார்கள் என்று அதில் எண்ணோடு எழுத வேண்டும். அரசு தரும் நிதிக்கு இந்தத் திட்டமே அடிப்படை என்று 22-ஆவது பிரிவு சொல்கிறது. கூட்டம் நடக்காமலே தீர்மானப் பதிவேட்டைச் சுற்றுக்கு விட்டுக் கையெழுத்து வாங்கும் பள்ளியில் இந்த அதிகாரம் தாளோடு நின்றுவிடுகிறது. உட்கார்ந்து பேசி எழுதிய பள்ளியில், எம்.எல்.ஏ. வரும்போது கையில் கொடுக்க ஒரு கணக்காவது இருக்கும்.